வாட்சுக்குள் இருக்கும் கல்லும், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிலிகானும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ராத்திரி ஷட் டவுன் செய்து, பிளக்கையும் பிடுங்கி விட்டுத்தான் படுக்கிறேன். இன்டர்நெட் இணைப்பும் கிடையாது. காலையில் ஆன் செய்தால் எப்படி சரியான நேரத்தைக் காட்டுகிறது?" கந்தர்வக்கோட்டையில் நான் நடத்தி வரும் கம்ப்யூட்டர் சென்டருக்கு வருபவர்களில் பாதிப் பேராவது இதைக் கேட்டிருப்பார்கள்.

பதில் எளிது. சிபியுவைத் திறந்து பார்த்தால் மதர்போர்டில் நாணயம் போல வட்டமான ஒரு பேட்டரி தெரியும். அதன் பெயர் சிஆர் 2032. மின்சாரம் இல்லாத நேரத்தில் இந்த பேட்டரிதான் ஒரு சின்னக் கடிகாரத்தை ஓட வைக்கிறது. அந்தக் கடிகாரத்தின் இதயம் குவார்ட்ஸ் என்னும் படிகத் துண்டு. இது விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணைப் பாதி, பாதியாக 15 முறை வகுத்துப் பாருங்கள். சரியாக 1 வரும். அதுதான் ஒரு விநாடி. உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரமும், பேட்டரி வாட்சும் இதே முறையில்தான் ஓடுகின்றன.

ஆனால் அப்பாவோ தாத்தாவோ கட்டியிருந்த சாவி கொடுக்கும் வாட்சில் பேட்டரியும் இல்லை, சிப்பும் இல்லை. முழுக்க முழுக்கச் சக்கரங்களும் ஸ்பிரிங்குகளும்தான். இதே வகை வாட்சுகளை இன்றும் சுவிட்சர்லாந்தில் செய்து பல லட்சம் ரூபாய்க்கு விற்கிறார்கள். அப்படி என்னதான் உள்ளே இருக்கிறது? தங்கமா, வைரமா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் வாட்ச் எதற்கு என்று கேட்காதீர்கள். இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, விலை உயர்ந்த வாட்சுகளின் மிக முக்கியமான பாகம் இப்போது கம்ப்யூட்டர் சிப் செய்யும் அதே பொருளில், அதே முறையில் செய்யப்படுகிறது. இரண்டு, உங்கள் வீட்டுப் பழைய வாட்சின் எதிரி உங்கள் கம்ப்யூட்டர் மேஜையின் மீதே உட்கார்ந்திருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

சாவி கொடுக்கும்போது மெயின் ஸ்பிரிங் என்னும் சுருள் தகடு இறுகுகிறது. கம்ப்யூட்டருக்கு எஸ்எம்பிஎஸ் போல, வாட்சுக்கு சக்தி தருவது இதுதான். இந்தச் சக்தி பல் சக்கரங்கள் வழியாகச் சென்று பேலன்ஸ் வீல் என்னும் சிறு சக்கரத்தை இப்படியும் அப்படியும் ஆட வைக்கிறது. ஆட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது தலைமுடி போல மெல்லிய ஹேர் ஸ்பிரிங். பிராசசருக்கு கிளாக் எப்படியோ, வாட்சுக்கு பேலன்ஸ் வீலும் ஹேர் ஸ்பிரிங்கும் அப்படி.

பழைய ஹெச்.எம்.டி. வாட்சுகளில் விநாடிக்கு 5 துடிப்பு. மணிக்கு 18,000. ஒரு நாளைக்கு 4,32,000. இன்றைய சுவிஸ் வாட்சுகள் பலவற்றில் விநாடிக்கு 8 துடிப்பு. ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். வாட்ச் நாளைக்கு 10 விநாடி தவறினால், பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமான பிழை. இவ்வளவு துல்லியத்தைக் கெடுக்க மூன்று எதிரிகள் இருக்கின்றன: உராய்வு, வெப்பம், காந்தம். வாட்சுக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் இந்த மூன்றில் ஒன்றை எதிர்க்கத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது. அழகும் ஆடம்பரமும் அதற்குப் பிறகுதான்.

முதல் எதிரி: உராய்வு

உங்கள் சிபியுவின் ஃபேன் சில வருடங்களில் கரகரவென்று சத்தம் போட ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் பேரிங் தேய்ந்து விட்டது என்று பொருள். வாட்சுக்கும் இதே தொல்லைதான். பேலன்ஸ் வீலின் அச்சு முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான். அது பித்தளைத் துளைக்குள் வருடக்கணக்கில் ஆடினால் துளை தேய்ந்து பெரிதாகி விடும்.

இதற்குத் தீர்வு, துளையைக் கல்லில் போடுவது. 1704-லேயே லண்டனில் இதற்குக் காப்புரிமை வாங்கி விட்டார்கள். அப்போது பயன்பட்டது பூமியில் கிடைத்த உண்மையான மாணிக்கம். விலை அதிகம், துளை போடுவதும் கஷ்டம். 1902-இல் அகஸ்டே வெர்னாய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, உலையில் மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அலுமினியம் ஆக்சைடு தூளுடன் சிறிது குரோமியம் ஆக்சைடு கலந்து, 2,000 டிகிரிக்கும் மேற்பட்ட சுவாலையில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்ப்பது இந்த முறை. நம் ஊர்ச் செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடால் வருகிறது. மாணிக்கத்துக்கு அந்த நிறத்தைத் தருவது குரோமியம்.

உலையில் பிறந்த கல் நம் பகுதிக்குப் புதிது இல்லை. திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களின் பல கிராமங்களில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது குடிசைத் தொழிலாக நடந்து வந்திருக்கிறது. அங்கே தீட்டியது நகைக் கற்களை. வாட்ச் கல் மின்ன வேண்டியதில்லை. வழவழப்பாக இருந்தால் போதும். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த நிலையில் இருப்பதால் எளிதில் தேயாது, எண்ணெயும் அதன் மேல் நின்று பிடிக்கும்.

பழைய வாட்சின் டயலில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 17 கற்களும் எங்கே இருக்கின்றன? வழக்கமான அமைப்பு இதுதான்.

பேலன்ஸ் வீலின் இரு முனைகளிலும் துளைக் கல் ஒன்று, மூடி கல் ஒன்று என மொத்தம் 4. பேலன்ஸை உந்தும் இடத்தில் 1. துடிப்பை நிறுத்தி நிறுத்தி விடும் கவை போன்ற பாகத்தில் 2. அந்தக் கவையின் அச்சுக்கு 2. அடுத்து வரும் நான்கு சக்கரங்களின் அச்சுகளுக்கு இரண்டிரண்டாக 8. கூட்டிப் பாருங்கள், 17 வரும்.

சென்ற வருடம் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் ஹெச்.எம்.டி. ஜனதா வாட்சைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார். "தம்பி, இதுல 17 கல் இருக்காமே. பிரிச்சு வித்தா பேத்தி காலேஜ் ஃபீஸுக்கு ஆகுமா? இன்டர்நெட்ல விலை பார்த்துச் சொல்லு" என்றார். "ஐயா, அது அத்தனையும் உலையில் செஞ்ச கல். கல்லா வித்தா டீச் செலவுக்குக்கூடத் தேறாது. ஆனா ஓடுற ஜனதாவைத் தேடி வாங்குறவங்க இருக்காங்க. பிரிச்சுட்டா ரெண்டும் போச்சு" என்று சொல்லி, உள்ளே என்ன இருக்கிறது என்று மானிட்டரில் படம் போட்டுக் காட்டினேன். அவர் வாட்சை மறுபடி கைக்குட்டையில் சுற்றிக் கொண்டார். ஃபீஸுக்கு வித்யாலட்சுமி இணையதளத்தில் கல்விக் கடன் விண்ணப்பத்தை அன்றே நிரப்பினோம்.

கல் எண்ணிக்கை கூடினால் வாட்ச் உயர்ந்தது என்பதும் சரியல்ல. ஒரு காலத்தில் வேலையே இல்லாத இடங்களில் கற்களைப் பதித்து, 100 ஜுவல்ஸ் என்றுகூட விற்றார்கள். உண்மையில் வேலை செய்யும் கற்களை மட்டுமே கணக்கில் சொல்ல வேண்டும் என்று பின்னர் சர்வதேசத் தர விதி வந்தது. கம்ப்யூட்டர் வாங்கும்போது கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்று சொல்வோமே, அதே கதைதான்.

தங்கம் எதற்கு?

சக்கரங்களைத் தாங்கும் அடித்தட்டு, வாட்சின் மதர்போர்டு. ஜனதாவிலும் பித்தளைதான், பல லட்ச ரூபாய் சுவிஸ் வாட்சுகள் பெரும்பாலானவற்றிலும் பித்தளைதான். எளிதாகக் கடையலாம், காந்தம் பிடிக்காது, துரு ஏறாது. மேலே நிக்கல் அல்லது ரோடியம் முலாம் பூசுவார்கள். ஜெர்மனியின் ஏ. லாங்கே அண்ட் ஸோனே நிறுவனம் 'ஜெர்மன் சில்வர்' பயன்படுத்துகிறது. பெயரில் சில்வர் இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவைதான். எஃப்.பி. ஜூர்ன் என்ற நிறுவனம் 2004 முதல் அடித்தட்டையே 18 காரட் தங்கத்தில் செய்கிறது. இது ஆடம்பரம். நேரம் அதனால் துல்லியமாகி விடாது.

ஆனால் தங்கத்துக்கு உண்மையான வேலை ஒன்றும் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வாட்சுகளில் கை அசையும்போது தானாகச் சுற்றிச் சாவி கொடுக்கும் ஒரு அரைவட்டத் தகடு உண்டு. அதன் பெயர் ரோட்டார். அது சிறிய இடத்தில் கனமாக இருக்க வேண்டும். எஃகைவிடத் தங்கம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம். பேட்டெக் ஃபிலிப் 1977-இல் கொண்டு வந்த 240 என்ற மெல்லிய மெஷினில் மிகச் சிறிய ரோட்டார்தான். எனவே அதை 22 காரட் தங்கத்தில் செய்தார்கள். தங்கத்துக்கு ஏறத்தாழச் சமமான கனம் உள்ள டங்ஸ்டனும் இதே வேலையைச் செய்யும். பழைய செல்போன்களை வைப்ரேட் செய்ய வைத்த குட்டி மோட்டாரின் எடைத் துண்டும் டங்ஸ்டன் கலவைதான்.

இரண்டாவது எதிரி: வெப்பம்

சூடு ஏறினால் பிராசசர் திணறும், தெரியும். வாட்சில் திணறுவது ஹேர் ஸ்பிரிங். சாதாரண எஃகு ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து போகும். பித்தளை பேலன்ஸும் எஃகு ஸ்பிரிங்கும் உள்ள கடிகாரம், வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் நாளொன்றுக்குச் சுமார் 11 விநாடி பின்தங்கும். மார்கழிப் பனிக்கும் கத்திரி வெயிலுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், தினமும் இரண்டே முக்கால் நிமிடம் போச்சு.

இதற்கு விடை கண்டவர் சார்லஸ் எட்வர்ட் கியோம் என்ற சுவிஸ் விஞ்ஞானி. இரும்பையும் நிக்கலையும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தால் சூட்டில் ஏறத்தாழ நீளவே நீளாத உலோகம் கிடைப்பதை 1896-இல் கண்டுபிடித்தார். அதன் பெயர் இன்வார். அடுத்து, சூட்டில் விறைப்புக் குறையாத எலின்வார் என்ற கலவையை உருவாக்கினார். 1920-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. வாட்சுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிக்குப் பின்னால் ஒரு நோபல் பரிசு இருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது.

1930-களில் ரெய்ன்ஹார்டு ஸ்ட்ராமன் இதை மேம்படுத்தி நிவராக்ஸ் என்ற கலவையைக் கொண்டு வந்தார். சுவிஸ் வாட்சுகளின் ஹேர் ஸ்பிரிங் பெரும்பாலும் இந்த வகைதான். இதற்குத் துணையாக பேலன்ஸ் வீலை, செம்பில் சிறிது பெரிலியம் சேர்த்த குளுசிடூர் என்ற கலவையில் செய்தார்கள். அடிக்கடி ஒடிந்து கொண்டிருந்த எஃகு மெயின் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, கோபால்ட், நிக்கல், குரோமியம் கலந்த ஸ்பிரிங்குகள் வந்தன.

மூன்றாவது எதிரி: காந்தம்

இதுதான் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. உலோக ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போல் ஆகி, பேலன்ஸ் வேகமாக ஆடும். வாட்ச் முன்னால் ஓடும்.

என்னிடம் டேலி படிக்க வந்த கல்லூரி மாணவர் ஒருவர் தாத்தாவின் வாட்சைக் கட்டி வருவார். திடீரென்று அது நாளைக்குப் பத்து நிமிடம் முன்னால் ஓட ஆரம்பித்தது. "மெஷின் போயிடுச்சு சார், பேட்டரி மெஷின் மாத்திடலாம்னு வீட்ல சொல்றாங்க" என்றார். ராத்திரி எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். கம்ப்யூட்டரின் பெரிய ஸ்பீக்கர் மேல் என்றார். தஞ்சாவூரில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் காட்டச் சொன்னேன். கடைக்காரர் டீமேக்னடைசர் என்ற சிறு கருவியின் மேல் வாட்சைப் பிடித்து, மெதுவாக விலக்கி எடுத்தார். ஒரு நிமிட வேலைகூட இல்லை. வாட்ச் பழையபடி ஓடியது. பழைய டப்பா மானிட்டர்களில் திரையில் நிறம் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் 'டீகாஸ்' பட்டனை அழுத்துவோமே, அதே தத்துவம்தான்.

ஸ்பீக்கர் மட்டுமல்ல, ஹெட்போன், லேப்டாப்பை மூடியதும் தூங்க வைக்கும் சென்சாருக்காக வைத்த காந்தம், டேப்லெட் உறை, ஒட்டிக் கொள்ளும் செல்போன் சார்ஜர், எல்லாவற்றிலும் காந்தம் உண்டு. ஹார்ட் டிஸ்கினுள் இருக்கும் நியோடிமியம் காந்தம் மிகவும் சக்தி வாய்ந்தது. நல்லவேளையாக அது கனமான உறைக்குள் அடைபட்டிருக்கிறது.

சிலிகான் வந்தது

1969-இல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அடுத்த சில வருடங்களில் சாவி கொடுக்கும் வாட்ச் தொழில் ஆட்டம் கண்டது. நம் நாட்டிலும் இதே கதைதான். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து 1961-இல் பெங்களூரில் ஹெச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பு தொடங்கியது. டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து 1984-இல் ஆரம்பித்த டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகளுடன் களம் இறங்கியதும் சந்தை மாறியது. 2016 ஜனவரியில் ஹெச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் தந்தது.

குவார்ட்ஸ் என்பது வேறொன்றுமில்லை, சிலிகானும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம்தான். சாவி கொடுக்கும் வாட்சுகளை ஓரம் கட்டிய அதே சிலிகான், பிறகு அவற்றுக்கே உதவிக்கு வந்தது. 2001-இல் யுலிஸ் நார்டன் நிறுவனம் 'ஃப்ரீக்' என்ற வாட்சில் சிலிகான் சக்கரங்களை வைத்தது. 2005, 2006-இல் பேட்டெக் ஃபிலிப் முதலில் சிலிகான் சக்கரத்தையும், பிறகு சிலிகான் ஹேர் ஸ்பிரிங்கையும் கொண்டு வந்தது.

செய்யும் முறை உங்கள் பிராசசர் செய்யும் முறையேதான். வட்டமான சிலிகான் தகட்டின் மேல் ஒளியால் வடிவத்தைப் பதித்து, தேவையில்லாத பகுதியை பிளாஸ்மாவால் அரித்து எடுப்பார்கள். ஒரே தகட்டில் ஏராளமான ஸ்பிரிங்குகள் அச்சு அசலாக ஒன்று போலக் கிடைக்கும். சிலிகானில் காந்தம் ஏறாது. மேலே சிலிகான் ஆக்சைடு படலம் வளர்த்தால் வெப்பமும் பாதிக்காது. சிலிகான் சக்கரங்களுக்கு எண்ணெயும் அதிகம் தேவையில்லை. மூன்று எதிரிகளுக்கும் ஒரே பொருள் பதில் சொல்லி விட்டது. ஒமேகா நிறுவனம் 2013-இல் 15,000 காஸ் காந்தப் புலத்தையும் தாங்கும் மெஷினை அறிவித்தபோது, அதிலும் ஹேர் ஸ்பிரிங் சிலிகான்தான்.

குறை இல்லையா? இருக்கிறது. சிலிகான் கண்ணாடி போல, வளைத்தால் ஒடிந்து விடும். ஜனதாவின் ஹேர் ஸ்பிரிங் கோணினால் நம் ஊர் ரிப்பேர்காரர் இடுக்கியால் நிமிர்த்தி விடுவார். சிலிகான் ஒடிந்தால் புதிதாகத்தான் போட வேண்டும், அதற்கும் கம்பெனியைத்தான் நம்ப வேண்டும். ரேம் மாற்ற முடிந்த பழைய கம்ப்யூட்டருக்கும், எல்லாவற்றையும் போர்டில் பற்ற வைத்து விட்ட இன்றைய லேப்டாப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

உங்கள் வீட்டு வாட்சுக்கு

வீட்டில் சாவி கொடுக்கும் வாட்ச் இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

1. ஸ்பீக்கர், லேப்டாப் மூடி, செல்போன், டேப்லெட் உறை ஆகியவற்றின் மேலோ, ஒட்டியோ வைக்காதீர்கள். ஒரு சாண் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் போதும். காந்தத்தின் பலம் தூரத்தில் மிக வேகமாகக் குறைந்து விடும்.

2. வாட்ச் திடீரென்று பல நிமிடம் முன்னால் ஓடினால் மெஷினை மாற்றச் சம்மதிக்காதீர்கள். முதலில் ஒரு சிறு திசைகாட்டியை வாட்சின் அருகே கொண்டு போங்கள். முள் துடித்தால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். டீமேக்னடைசர் உள்ள கடையில் காட்டுங்கள்.

3. நாலைந்து வருடங்களுக்கு ஒரு முறை சுத்தம் செய்து எண்ணெய் போடச் சொல்லுங்கள். கல் தேயாது. ஆனால் எண்ணெய் காய்ந்தால் கல்லுக்குள் ஆடும் எஃகு முனை தேய்ந்து விடும்.

4. இணையத்தில் 'புத்தம் புதிய பழைய ஹெச்.எம்.டி.' என்று வரும் விளம்பரங்களை நிதானமாகப் பாருங்கள். டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, நாலு வாட்சின் பாகங்களை ஒன்றாக்கி விற்பதும் நடக்கிறது. பின்மூடியைத் திறந்து மெஷினைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் விட்டு விடுங்கள்.

5. கல்லுக்காகவோ முலாமுக்காகவோ வாட்சைப் பிரிக்கவோ உருக்கவோ கொடுக்காதீர்கள். அதன் மதிப்பு, ஓடும் வரைதான்.

வாட்சில் ஏதாவது வேலை பார்க்கக் கொடுக்கும்போது, கடைக்காரரிடம் பின்மூடியைத் திறந்து ஒரு நிமிடம் காட்டச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பாகத் தெரியும் புள்ளிகள்தான் அந்தக் கற்கள். தெரிவது ஐந்தாறுதான் இருக்கும். மற்றவை தட்டுக்கு அடியில் இருந்து வேலை செய்து கொண்டிருக்கும்.